பருவநிலை மாநாட்டுச் செய்தியை நம் மக்களுக்கு எழுதுவது எப்படி

2017 நவம்பர் 4, சனிக்கிழமை இரவு பெய்த மழையைப் பினாங்கில் யாரும் மறக்கவில்லை. விடிவதற்குள் தீவிலும் செபராங் பிறையிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் துணையாசிரியராக இருந்தேன். பட்டர்வொர்த்தில் தனியாக இருந்த அம்மாவுக்கு அரை மணிக்கொரு முறை தொலைபேசியில் அழைத்துக்கொண்டே பக்கம் கட்டினேன். நவம்பர் 6, திங்கட்கிழமை, ஜெர்மனியின் பான் நகரில் ஐநா பருவநிலை மாநாடு தொடங்கியது. கடல் மட்டம் உயர்வதைக் கண்டு அஞ்சி வாழும் பிஜித் தீவுதான் அந்த ஆண்டு தலைமை. எங்கள் நாளிதழில் பினாங்கு வெள்ளம் முதல் பக்கம். பான் மாநாடு உள்பக்கத்தின் அடியில், என் கையால், ஆறு வரி. இரண்டையும் தொடுத்து ஒரே ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை. அதைத் தவறு என்றே இன்றும் கருதுகிறேன். இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

2022இல் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு இருக்க பட்டர்வொர்த்துக்குத் திரும்பினேன். எங்கள் தாமானின் புலனக் குழுவில் ஏறத்தாழ இருநூறு பேர் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மாநாடு நடக்கும் இரண்டு வாரமும் அவர்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் குடியிருப்புக் குழுவுக்கோ முகநூலுக்கோ கோயில் மலருக்கோ தமிழ்ப்பள்ளி இதழுக்கோ எழுதுகிறவராக இருந்தால், நான் கற்றுக்கொண்டது உங்களுக்கு உதவும்.

முதலில், அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு தெளிவு வேண்டும். 1992இல் ரியோவில் நாடுகள் கையெழுத்திட்ட ஒரு உடன்படிக்கை இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் ஆண்டுக்கொரு முறை கூடுகின்றன. முதல் கூட்டம் 1995இல் பெர்லினில் நடந்தது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. வாக்களிப்பது பற்றிய விதியில் தொடக்கத்திலிருந்தே இணக்கம் வராததால், எல்லாம் ஒருமித்த இசைவோடுதான் முடிவாகிறது. ஆகவே, 'பெரும்பான்மை நாடுகள் வாக்களித்தன' என்று யாராவது எழுதியிருந்தால் அந்தச் செய்தியை அங்கேயே கீழே வைத்துவிடலாம். எழுதியவர் கூட்டத்தைக் கவனிக்கவே இல்லை. இன்னொன்று, வரைவுகளில் வரும் சதுர அடைப்புக்குறி. ஒரு சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதில் இன்னும் உடன்பாடு இல்லை என்று பொருள். முதல் வாரத்தில் பரபரப்பாகப் பகிரப்படும் பல 'முடிவுகள்' இப்படி அடைப்புக்குறிக்குள் இருப்பவைதான்.

இனி, இந்த வேலையின் உயிர்நாடிக்கு வருகிறேன்.

வினைச்சொல்லைப் பாருங்கள்

மாநாட்டு ஆவணத்தில் எண்களுக்கு முன்னால் வினைச்சொல்லைத் தேடுங்கள். 'தீர்மானிக்கிறது', 'கேட்டுக்கொள்கிறது', 'வலியுறுத்துகிறது', 'அழைக்கிறது', 'ஊக்குவிக்கிறது', 'குறித்துக்கொள்கிறது' என்று ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒரு வினையில் தொடங்கும். இந்த வரிசையில் முன்னிருந்து பின்னே வர வர பிடி தளர்கிறது. 2009இல் கோபன்ஹேகனில் தலைவர்கள் விடிய விடிய உட்கார்ந்து எழுதிய உடன்பாட்டை மாநாடு ஏற்கவில்லை, 'குறித்துக்கொண்டது', அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அந்த மாநாட்டின் தோல்வி முழுவதும் அடங்கியிருந்தது.

தமிழில் எழுதும்போது இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் 'வேண்டும்' இரண்டு வேலை செய்கிறது. 'வரி கட்ட வேண்டும்' என்பதிலும் அதே சொல், 'வெயிலில் தொப்பி போட வேண்டும்' என்பதிலும் அதே சொல். ஆங்கிலத்தில் கட்டாயத்துக்கு 'ஷால்', அறிவுரைக்கு 'ஷுட்'. பாரிஸ் உடன்பாடு 2015 டிசம்பர் 12 அன்று ஏற்கப்பட இருந்த கடைசி நேரத்தில், வளர்ந்த நாடுகள் புகையைக் குறைப்பது பற்றிய நான்காம் விதியில் 'ஷால்' என்று இருந்ததை அமெரிக்கா எதிர்த்தது. அச்சுப்பிழைத் திருத்தம் போல மேடையிலிருந்து வாசித்து அதை 'ஷுட்' ஆக்கினார்கள். கட்டாயம் அறிவுரையாகிவிட்டது. தமிழில் இரண்டையும் 'வேண்டும்' என்றே எழுதினால், அன்று அந்த அரங்கில் நடந்தது நம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். நான் கட்டாயத்துக்குக் 'கடப்பாடு உண்டு' என்றும், மற்றதற்கு 'எதிர்பார்க்கப்படுகிறது' என்றும் எழுதுகிறேன். வாக்கியம் சற்று விறைப்பாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கிளாஸ்கோ மாநாட்டில் நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். 2021 நவம்பர் 13, சனிக்கிழமை. வரைவில் நிலக்கரிக்கு 'ஃபேஸ் அவுட்', அதாவது படிப்படியாக ஒழிப்பது என்று இருந்தது. எங்கள் ஞாயிறு பதிப்பின் பக்கம் இரவு பதினொரு மணிக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். 'நிலக்கரியை ஒழிக்க உலக நாடுகள் முடிவு' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். கிளாஸ்கோ நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு ஞாயிறு விடியற்காலை ஆனபோது, இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, அந்த இடத்தில் 'ஃபேஸ் டவுன்' என்று மாற்றும்படி வாசித்தார். ஒழிப்பது குறைப்பதாகிவிட்டது. தலைமை வகித்த அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டபோது அவருக்குக் குரல் உடைந்தது. நாடெங்கும் வீட்டு வாசல்களில் விழுந்த எங்கள் ஞாயிறு நாளிதழில் மட்டும் நிலக்கரி ஒழிந்திருந்தது. தலைப்பு என்னுடையது, பிழையும் என்னுடையது.

அதன் பிறகு எனக்கு நானே விதித்துக்கொண்டது இது: கடைசி நாள் என்று அறிவித்த வெள்ளிக்கிழமையை நம்பாதே, தலைவர் முடிவை அறிவித்துச் சுத்தியல் தட்டியதைக் காதால் கேட்கும்வரை 'முடிவு' என்று எழுதாதே. இந்த மாநாடுகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுக்கு இழுக்கும். மாட்ரிட் மாநாடு 2019இல் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. 2024 மாநாடு நடந்த அஜர்பைஜானின் பாகு நமக்கு நான்கு மணி நேரம் பின்னால், 2025இல் நடந்த பிரேசிலின் பெலெம் பதினொரு மணி நேரம். கணக்குப் போட்டுக் கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். நாளிதழுக்குப் பக்கம் முடியும் நேரம் உண்டு. புலனக் குழுவுக்கு அந்த நெருக்கடி இல்லை. பொறுத்திருக்க முடிவதுதான் நம் பலம், அதை வீணாக்கக் கூடாது.

கிளாஸ்கோவில் இன்னொரு பாடமும் உண்டு. மறுநாள் பல செய்தி நிறுவனங்கள் இந்தியாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. ஆனால் 'ஃபேஸ் டவுன்' என்ற சொல், அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலேயே சீன நிலக்கரிக்கு எழுதப்பட்டிருந்தது. எண்ணெயும் எரிவாயுவும் அந்த வாக்கியத்தில் இல்லவே இல்லை. இரண்டையும் எழுதாமல் இந்தியாவை மட்டும் எழுதினால், எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தும் செய்தி கோணலாகிவிடுகிறது.

2023இல் துபாயில் 'புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்வது' என்ற சொற்றொடர் முடிவில் இடம்பெற்றது. முப்பது ஆண்டுப் பேச்சில் எண்ணெயையும் எரிவாயுவையும் இப்படிச் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆகவே பெரிய செய்திதான். ஆனால் அந்தப் பத்தியின் வினை 'அழைக்கிறது'. அவரவர் நாட்டு நிலைக்கு ஏற்பப் பங்களிக்குமாறு நாடுகளை அழைக்கிறது. 'கைவிட ஒப்பந்தம்' என்று தமிழில் எழுதினால் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறோம். 2025இல் பெலெமில் எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இந்த விலகலுக்கு ஒரு செயல்திட்டம் கேட்டன. முதன்மை முடிவில் புதைபடிவ எரிபொருள் என்ற சொல்லே வரவில்லை. இல்லாத சொல்லும் செய்திதான். போன ஆண்டு ஆவணத்தை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் தவிர அது கண்ணில் படாது.

எங்கே படிப்பது

செய்தி நிறுவனங்களை மட்டும் நம்பியிருந்த காலத்தில் நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1992 முதல் வெளிவரும் எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின் அன்றாடம் யார் என்ன பேசினார் என்பதைப் பக்கம் சாராமல் எழுதுகிறது. உணர்ச்சி இல்லாத நடை, ஆனால் ஆதாரம் உறுதி. கார்பன் ப்ரீஃப் என்ற இணையதளம், மாநாடு முடிந்ததும் நீண்ட தொகுப்பு வெளியிடும். மூன்றாவது நம் ஊரிலேயே இருக்கிறது. ஜார்ஜ் டவுனைத் தலைமையிடமாகக் கொண்ட தேர்ட் வோர்ல்ட் நெட்வொர்க், பேச்சுவார்த்தை அறைகளிலிருந்து வளரும் நாடுகளின் வாதங்களை விரிவாக எழுதுகிறது. அதில் எழுதும் வழக்கறிஞர் மீனா ராமன் சஹாபாட் ஆலாம் மலேசியா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராகவும் இருக்கிறார். ஐரோப்பிய நகரங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பினாங்கிலிருந்து வரும் அறிக்கையைத் தேடிப் படிக்கிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் அதைத் திறந்து பார்ப்பதில்லை. எனக்கு இது மனவருத்தம். அதற்கும் ஒரு நிலைப்பாடு உண்டு என்பதை மறக்காமல், புல்லட்டினோடு வைத்து ஒப்பிட்டுப் படியுங்கள். இரண்டிலும் வருவதைத் தயங்காமல் எழுதலாம். ஒன்றில் மட்டும் வருவதை யார் சொன்னார் என்று சொல்லி எழுதுங்கள்.

பணக் கணக்கு

2024 நவம்பர் 24, ஞாயிறு காலை, பாகு மாநாட்டின் நிதி முடிவை எங்கள் குழுவில் போட்டேன். 300 பில்லியன் டாலர் என்பதை நம் மூத்தவர்களுக்குப் புரிய கோடியில் சொல்ல நினைத்து, 3,000 கோடி என்று எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஐந்தே நிமிடத்தில், 'ஐயா, ஒரு சுழியம் விட்டுப்போயிற்று' என்று எழுதினார். நூறு கோடி ஒரு பில்லியன். ஆகவே 300 பில்லியன் 30,000 கோடி. ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன், நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள். பிழை நேர்ந்தால் பழைய செய்தியை ஓசைப்படாமல் அழிக்காதீர்கள். அதற்குள் யாரோ வேறு குழுக்களுக்கு அனுப்பியிருப்பார். 'திருத்தம்' என்று தொடங்கிப் புதிதாக ஒரு செய்தி போடுங்கள். அதுவும் பின்னாலேயே போய்ச் சேரும்.

எண் சரியாகிவிட்டால் மட்டும் போதாது. 'பணக்கார நாடுகள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் கொடுக்கும்' என்று பல இடங்களில் தலைப்பு வந்தது. ஆவணம் சொல்வது வேறு. 2035க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 300 பில்லியன் என்ற அளவை எட்டுவது இலக்கு. அரசுப் பணம், தனியார் பணம், வங்கிக் கடன் எல்லாம் அதில் சேரும். திரட்டுவதில் வளர்ந்த நாடுகள் முன்னே நிற்கும். வளரும் நாடுகள் கேட்ட 1.3 டிரில்லியனோ, எல்லாரும் சேர்ந்து முயலுமாறு விடுத்த அழைப்பு மட்டுமே. சுத்தியல் தட்டிய பிறகு இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து, அந்த ஆவணம் ஒரு காட்சிப்பிழை என்று சாடினார். இதற்கு முந்தைய வாக்குறுதியையும் வாசகருக்கு நினைவூட்டுங்கள். 2020க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் என்று 2009இல் சொன்னார்கள். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்குப்படியே 2022இல்தான் அது எட்டப்பட்டது. அதிலும் அரசுகள் தந்த பணத்தில் பெரும்பகுதி கடன்.

வீட்டு வாசல்வரை கொண்டுவருவது

எதிர்வீட்டு அக்கா காலைச் சந்தையில் அப்பம் விற்கிறார். 2017 வெள்ளம் வடிந்த மறுநாள், கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தேதியையும் பென்சிலால் எழுதி வைத்தார். மின்விசைப் பொத்தானுக்கு நான்கு விரற்கடை கீழே அந்தக் கோடு இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு முறை சாயம் பூசியாகிவிட்டது. அந்த இடத்தை மட்டும் சாயக்காரரிடம் சொல்லி விட்டுவைத்திருக்கிறார்.

'இழப்பும் சேதமும்' என்ற மாநாட்டுச் சொல்லை எனக்குப் புரியவைத்தது அந்த வீடுதான். குளிர்பெட்டி கெட்டது சேதம், பழுதுபார்த்துவிட்டார்கள். இறந்துபோன கணவரின் படங்கள் இருந்த ஆல்பம் ஊறி, படத்தோடு படம் ஒட்டிக் கூழாகிப்போனது இழப்பு. அதை எந்த நிதியும் திருப்பித் தராது. 2021இல் கிளாஸ்கோவில் வளரும் நாடுகள் இதற்கென ஒரு நிதி ஏற்பாடு கேட்டன. கிடைத்தது ஒரு கலந்துரையாடல். அடுத்த மாதமே ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஜனங்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பைப் புள்ளிவிவரத் துறை 6.1 பில்லியன் ரிங்கிட் என்று கணக்கிட்டது. நிதியம் அமைப்பது 2022இல் எகிப்தில் முடிவானது. அடுத்த ஆண்டு துபாயில் அதற்கு உலகம் முழுவதும் சேர்ந்து தருவதாக உறுதியளித்தது சுமார் 70 கோடி டாலர். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் கை நிதானம் தவறும். 'பினாங்கு வெள்ளத்துக்குப் பருவநிலை மாற்றமே காரணம்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தனி மழையைப் பற்றி அப்படிச் சொல்ல அதற்கென ஆய்வு வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும், அதனால் கொட்டும் மழை இன்னும் கனத்துக் கொட்டுகிறது. அடைபட்ட கால்வாயும் வெட்டிய மலைச்சரிவும் நம் பங்கு. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் நகராண்மைக்காரர் தப்பித்துக்கொள்வார், மற்றதை மட்டும் எழுதினால் எண்ணெய் நிறுவனங்கள் தப்பித்துக்கொள்ளும்.

மலேசியாவின் வாக்குறுதியை விளக்கவும் அக்காவின் அடுப்புதான் உதவியது. 2021இல் நம் அரசாங்கம் புதுப்பித்துக் கொடுத்த உறுதி, 2030க்குள் 'உமிழ்வுச் செறிவை' 2005ஐ விட 45 விழுக்காடு குறைப்பது. இதைப் பலர் 'புகையை 45 விழுக்காடு குறைக்கிறோம்' என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. நாட்டின் வருமானத்தில் ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் எவ்வளவு புகை என்பதுதான் செறிவு. அக்கா முன்பு நாளுக்கு நூறு அப்பம் சுட்டு, மாதம் நான்கு எரிவாயுத் தோம்பு தீர்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நல்ல அடுப்பு வாங்கி இருநூறு அப்பம் சுடுகிறார், ஆறு தோம்பு தீர்கிறது. ஒரு அப்பத்துக்கான எரிவாயு கால்வாசி குறைந்திருக்கிறது. ஆனால் தோம்பு நான்கிலிருந்து ஆறாகியிருக்கிறது. இதைக் குழுவில் போட்ட அன்று, வழக்கமாக வணக்கம் மட்டும் அனுப்புகிற லோரி ஓட்டுநர் ஒருவர், 'அப்படியானால் மொத்தப் புகை கூடலாமா?' என்று கேட்டார். கூடலாம். அந்தக் கேள்வி ஒரு வாசகருக்கு வந்துவிட்டால், உங்கள் கட்டுரை வேலை செய்கிறது.

பரப்பப்படும் செய்திகளுக்குப் பதில்

ஒவ்வொரு மாநாட்டின்போதும் யாரோ ஒருவரின் குரல் பதிவு வரும். 'அங்கே நம் அரசாங்கம் கையெழுத்துப் போட்டுவிட்டது, இனி பெட்ரோல் மானியம் கிடையாது' என்று ஒன்று எங்கள் குழுவுக்கும் வந்தது. பகிர்ந்தவரைக் கண்டிக்காதீர்கள், வீட்டுச் செலவை நினைத்துப் பயந்துதான் அனுப்பியிருக்கிறார். நான் எழுதிய பதில் இரண்டு வரிதான்: பாரிஸ் உடன்பாட்டில் மலேசியா கையெழுத்திட்டது 2016 ஏப்ரல் 22, உறுதி செய்தது அதே ஆண்டு நவம்பர் 16, எந்த இலக்கை எப்படி எட்டுவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானித்து அறிவிக்கிறது, மானியம் பற்றிய முடிவு புத்ராஜெயாவில் எடுக்கப்படுவது. பொய்யை மேற்கோள் காட்டித் திரும்ப எழுதாமல் உண்மையை மட்டும் எழுதினேன். பழைய வெள்ளப் படங்கள் புதிய தேதியோடு வந்தாலும் அப்படியே: படம் எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரிந்தால் அதை மட்டும் போடுங்கள்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. பருவநிலை, காலநிலை இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதையே எழுதுங்கள். 'நிகர சுழியம்' வரும்போதெல்லாம், 'வெளிவிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாவது' என்று அரை வரி சேர்த்துவிடுங்கள். ஒரு செய்தி கைத்தொலைபேசித் திரையில் இரண்டு விரல் தள்ளலுக்குள் முடிய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள், சந்தைக்காரர்கள் அப்போதுதான் உட்காருவார்கள்.

பாகு முடிவைப் பற்றி, சுழியத்தைத் திருத்திய பிறகு, நான் போட்டது இதுதான்:

'திருத்தம். பாகு மாநாடு முடிந்தது. 2035க்குள் ஆண்டுக்குக் குறைந்தது 30,000 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. அரசு, தனியார், வங்கி என எல்லா வழியிலும் வரும் பணம் இது. வளர்ந்த நாடுகள் முன்னே நிற்பதாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தியா அடுத்த நிமிடமே எதிர்ப்புத் தெரிவித்தது. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி.'

அன்று மாலை அக்கா வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தப் பணம் கொடையா, கடனா?"

"இரண்டும் உண்டு அக்கா. எதில் எவ்வளவு என்று அவர்கள் பிரித்து எழுதவில்லை."

"அப்படியானால் அதையும் எழுதியிருக்கலாமே."

உள்ளே போய் அந்த வரியைச் சேர்த்து மறுபடியும் அனுப்பினேன்.